இழுத்தால் அவிழும் முடிச்சு

என்னை அக்கா முறையில் 'தீதி' என்று கூப்பிடும் ஜங்லிகாட் பஞ்சர் கடைக்காரர் பழைய டியூபைக் கீறி, என் ஸ்கூட்டரில் அரிசி மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்தார். அந்த ரப்பர் வாசனை அப்பாவுடையது.

அப்பா மூச்சடக்கி முங்கி மீன் குத்துவார். ஒரு முகக்கண்ணாடி, ஒரு கம்பி, கம்பியைத் தெறிக்கவைக்க டியூபில் வெட்டிய வார். அவ்வளவுதான் சாமான். குத்திய மீன்களைக் கோக்கும் கயிறு அரைக்கால்சட்டையில் கட்டியிருக்கும். சுறா நெருங்கினால் முடிச்சை ஒரே இழுப்பில் அவிழ்த்து, மீனோடு கயிற்றை விட்டுவிடுவார். அன்று எங்களுக்கு வெறும் ரசம்தான்.

எங்கள் மீன் சுறாவுக்கு எதற்கு? எட்டு வயதில் எனக்கு அது பெரிய ஆத்திரம். ஒருநாள் கொடியில் கிடந்த கால்சட்டையில், அந்தக் கயிற்றை அவிழவே முடியாதபடி மூன்று முடிச்சு போட்டுவைத்தேன்.

அன்று மத்தியானம் அப்பா கோணிச்சாக்கைச் சுற்றிக்கொண்டு வந்தார்.

"கால்சட்டை எங்கங்க?" என்றாள் அம்மா.

"சுறா கேட்டுச்சு. கழட்டிக் குடுத்துட்டேன்."

அம்மா சிரித்தாள். நான் அவர் காலைப் பார்த்தேன். தொடை நெடுக, சுறா உரசிய இடத்தில், உப்புத்தாளால் தேய்த்த மாதிரி தோல் உரிந்திருந்தது. அப்பா என் பக்கம் திரும்பி, "முடிச்சு நல்லா இருந்துச்சு" என்றார். அது என் வேலை என்று அம்மாவிடம் கடைசிவரை சொல்லவில்லை.

"டைட்டா கட்டிரவா, தீதி?" என்றார் கடைக்காரர்.

"வேண்டாம் பாய். இழுத்தா அவிழணும்."