அனுபவம் இல்லாத ரூபினி

‘அனுபவம் தேவையில்லை’ என்ற விளம்பரத்தை ரூபினிக்குக் காட்டியவள் நான்தான். ஸ்கூடாயில் இருவரும் ஒரே வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். நான்கு வருடம் தொழிற்சாலையில் நின்று நின்று கால் வீங்கியவளுக்கு, பாரில் பானம் கலக்கும் வேலை என்றதும் ஆசை வந்துவிட்டது. ‘பார்டெண்டர், பயிற்சி தரப்படும்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்.

கொடுத்த பயிற்சி என்ன தெரியுமா? இரண்டு மாதம் கிளாஸ் கழுவுவது, எலுமிச்சை வெட்டுவது. அவளோடு அதே நாளில் சேர்ந்த இரண்டு ஆண்கள் இரண்டாவது வாரமே கவுண்டருக்குப் போய்விட்டார்கள். அவர்களுக்கும்தான் அனுபவம் இல்லை. கேட்டதற்கு மேனேஜர் குகநாதன், “நீ முன்னால நின்னா கஸ்டமர் ஒரு மாதிரி பேசுவாங்கம்மா, உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்” என்றாராம். பேசுகிறவன் வாயை அடக்க வக்கில்லை, இவளைப் பின்னால் ஒளித்து வைக்கிறார். இந்த ‘உன் நல்லதுக்கு’ என்பதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு சனிக்கிழமை மாலை அந்த இரண்டு பேரும் ஊற்றிய பீரில் பாதிக்குமேல் நுரை. வாடிக்கையாளர்கள் திருப்பி அனுப்பினார்கள். ரூபினி கையைத் துடைத்துக்கொண்டு கவுண்டருக்குள் போனாள். கிளாஸைச் சாய்த்து, ஓரமாக வழியவிட்டு, கடைசியில் நிமிர்த்தினாள். இரண்டு விரல் நுரை, அவ்வளவுதான். வரிசையாகப் பத்து கிளாஸ் அப்படி ஊற்றினாள்.

“எக்ஸ்பீரியன்ஸ் இல்லன்னு பொய் சொன்னியா?” என்று கேட்டார் குகநாதன்.

“பதிமூணு வயசுலேருந்து ஊத்துறேன் சார். சம்பளம் வாங்குனாத்தான் எக்ஸ்பீரியன்ஸ்னு நினைச்சேன்.”

சொந்த ஊரான ரெங்கத்தில் ரூபினியின் வீட்டில் கல்யாணம், காதுகுத்து, கருமாதி எதுவானாலும் கூடாரத்துக்குப் பின்னால் ஆண்கள் குடிப்பதற்கென்று ஒரு மேசை உண்டு. அந்த மேசைக்கு ஐஸ் உடைப்பதும் ஊற்றுவதும் ரூபினி. நுரை வழிந்தால் தாய்மாமன் கனகராஜ் எல்லார் முன்னாலும் திட்டுவார். அப்படித்தான் கற்றுக்கொண்டாள்.

அன்றிலிருந்து கவுண்டர் அவளுடையது. ஒரே மாதத்தில் காக்டெயில்களும் பழகிவிட்டாள். அப்புறம் யாரோ ஒரு புண்ணியவான் அவள் ஊற்றுவதைக் கைப்பேசியில் படம் பிடித்து மாமாவுக்கு அனுப்பிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச்சொல்லி உத்தரவு வந்தது. நான்தான் காரில் கூட்டிப்போனேன்.

மதியச் சாப்பாட்டுக்கு முன்பே மாமாவும் அவளுடைய அப்பா காளிதாஸும் பீர் போத்தலோடு உட்கார்ந்திருந்தார்கள். எங்களை உட்காரச் சொல்லவில்லை.

“பொம்பளப் புள்ள, கண்ட ஆம்பளைங்களுக்குத் தண்ணி ஊத்திக் குடுக்கற வேலையா? மானம் போச்சு லா” என்றார் மாமா. “நாளைக்கே நிறுத்து. இல்லன்னா இந்த வீட்டுப் படி ஏறாத.”

அப்பா தலையை ஆட்டினார். அம்மா சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. ரூபினிக்கு அந்த வீடு என்றால் உயிர். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அம்மாவைப் பார்க்காவிட்டால் இங்கே என்னைத் தூங்கவிடமாட்டாள். அது தெரிந்துதான் மனிதர் அதிலேயே கைவைத்தார்.

“குடும்பப் பேரக் கெடுத்துட்டு, நாளைக்கு உன்ன எவன் கட்டுவான்...” என்று பேசிக்கொண்டே, அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல், காலி கிளாஸை அவள் பக்கம் நீட்டினார். பேச்சு நிற்கவில்லை. நீட்டிய கையும் இறங்கவில்லை.

எனக்கு அதைப் பிடுங்கி எறியவேண்டும் போலிருந்தது. ரூபினி கிளாஸை வாங்கினாள். மேசைமேல் கவிழ்த்து வைத்தாள்.

“எனக்கு இன்னிக்கு லீவு, மாமா.”

ஸ்கூடாய் வந்து சேரும்வரை காரில் அழுதாள். மறுநாள் மூன்று மணிக்கு வேலைக்குப் போய்விட்டாள்.