பாலந்தாங்கியின் சுரம்

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் ஈரப் போர்வைகளை இயந்திரத்திலிருந்து அள்ளிப் போடுகிறவள் அவள். கை இரண்டும் உலக்கை மாதிரி இருக்கும். சாயந்திரமானால் அதே கைகள் நகர வாத்தியக்குழுவின் ஆகப் பெரிய குழலான டியூபாவைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்ளும். பொம்பளைக்கு ஊத வேறு எதுவும் கிடைக்கலையா என்று கேட்டவர்கள் எல்லாம் கேட்டு ஓய்ந்துவிட்டார்கள். பக்கத்து நாற்காலியில் இன்னொரு டியூபாவோடு அவள் கொழுந்தன், முடிதிருத்துகிறவன்.

போன மழைக்காலத்தில் நெஞ்சில் சளி கட்டிப் படுத்தவளுக்கு, எழுந்தபோது மூச்சு பாதியாகிவிட்டிருந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் பாலந்தாங்கி மார்ச் என்ற அணிநடைப் பாட்டு குழுவுக்கு வாசிக்க வந்து சேர்ந்தது. வெள்ளத்தில் தூண் சரிந்த பாலத்தை, சனமெல்லாம் கடந்து முடிக்கும்வரை ஒற்றை ஆளாகத் தோளில் தாங்கி நின்ற ஓடக்காரன்தான் பாலந்தாங்கி. அவன் கதை தெரியாத குழந்தை அங்கே கிடையாது. மார்ச்சின் நடுவில் மற்ற குழல்களெல்லாம் சனம் நடக்கிற மாதிரி மேலே போகும். அடியில் டியூபா ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அதுதான் அவன் தோள்.

குழுவை நடத்துகிற மாஸ்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

"பாரும்மா, அந்தச் சுரம் அறுந்துச்சுன்னா டியூபாவ வேற ஆள்கிட்ட குடுத்துருவேன். மனசுல வச்சுக்காத."

"நீங்க மூச்சு எடுக்கறப்ப நான் இழுக்கறேன் அண்ணி, நான் எடுக்கறப்ப நீங்க இழுங்க. கேக்கறவங்களுக்கு ஒரே மூச்சுன்னுதான் தோணும்" என்றான் கொழுந்தன். டியூபாக்காரர்களின் பழைய தில்லுமுல்லு இது. ஒத்திகையில் கச்சிதமாக வந்தது.

கச்சேரியில் அந்த இடம் வந்ததும் கொழுந்தனுக்கு விக்கல் எடுத்தது. சாதாரண விக்கல் இல்லை, ஆளையே தூக்கிப் போட்டது. பாவி, குழலை வாயிலிருந்து எடுத்துவிட்டு அவளைப் பார்த்து முழித்தான்.

அவள் தனியாகப் பிடித்தாள். மேலே சனம் நடந்துகொண்டே இருந்தது. இத்தனை சனம் எங்கிருந்துதான் வந்ததோ. நெஞ்சு காந்தியது, கண் இருட்டியது. கடைசியில் முடியாமல் வாயை எடுத்துவிட்டாள். போச்சு என்று நினைத்தாள்.

சுரம் நிற்கவில்லை.

காதில் ரீங்காரம் என்றுதான் முதலில் நினைத்தாள். திரும்பிப் பார்த்தால், டிராம்போன்காரர்கள் மூவரும் அதே சுரத்தை மெதுவாக ஊதிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு அது ரெஸ்ட். வாசிக்காமல் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டிய இடம். ரெஸ்டில் பொட்டுச் சத்தம் கேட்டாலும் மாஸ்டர் தோலை உரித்துவிடுவார் என்பது அவர்களுக்குத் தெரியாதா என்ன? அவர்களுக்கு மூச்சு முட்டியபோது, ரெஸ்டில் இருந்த பெரிய சாக்ஸபோனும் சேர்ந்துகொண்டது. யாரும் யாருக்கும் ஜாடை காட்டவில்லை. அவள் மூச்சை நிறைய இழுத்து, அவர்களுக்கு அடியில் போய் மறுபடி சுரத்தைப் பிடித்தாள்.

பின்னறைக்கு வந்ததும் அவளே முந்திக்கொண்டாள். "விட்டுட்டேன் மாஸ்டர். டியூபாவ எடுத்துக்கங்க."

மாஸ்டர் அவளைப் பார்க்கவில்லை. "ரெஸ்ட்ல வாசிச்சது யாரு?"

டிராம்போன்காரர்கள் மூவரும் கை தூக்கினார்கள். பிறகு சாக்ஸபோன்காரர். பிறகு, அந்த நேரம் தங்கள் பங்கை ஒழுங்காக வாசித்துக்கொண்டிருந்த கிளாரினெட் வரிசை முழுக்க. கொழுந்தன் விக்கிக்கொண்டே தூக்கினான். கடைசியில், எதையும் ஊதவே வழியில்லாத தாளத்தட்டுக்காரரும் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு கையைத் தூக்கினார்.

மாஸ்டர் கைகளை ஒவ்வொன்றாக எண்ணினார். பிறகு அவள் பக்கம் திரும்பினார்.

"அறுந்தாத்தானம்மா வாங்கிக்கறதா சொன்னேன். அது எங்க அறுந்துச்சு?"

அவள் திரும்பிப் பார்த்தாள். தூக்கிய கைகளில் ஒன்றுகூட இன்னும் இறங்கியிருக்கவில்லை.