மறியல் பஸ் ஏறிப்போன நாள்

"இறங்குங்க" என்று அன்று நான் சொல்லவில்லை.

சொல்லச் சொன்னார்கள். பஸ்ஸின் பின்படிக்கட்டில் ஒரு காலும் தார் ரோட்டில் ஒரு காலுமாக நின்றேன். கையில் சார்ட் அட்டை, மார்க்கர் வாசனை இன்னும் போகாமல், வெயிலில் வளைந்துகொண்டே இருந்தது. உள்ளே ஜன்னல் ஓரத்தில் செல்வி உட்கார்ந்துவிட்டாள். அவள் முகத்தைப் பார்த்தேன்... அந்தச் சொல் வாயில் வரவில்லை.

படிப்பை முடித்த கையோடு மதுரையில் ஒரு சின்னப் பெண்கள் அமைப்பில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். வீடு திருநகரில், வேலை ஒத்தக்கடையைத் தாண்டி ஒரு கிராமத்தில். அங்கே எல்லோருக்கும் நான் 'டீச்சர்'. யாருக்கும் ஒரு பாடம்கூட எடுத்ததில்லை.

அந்த ஊரில் டவுன் பஸ் மந்தையில், ஊர்ப் பொதுத்திடலில், நிற்கும். அதைத் தாண்டி, பெரிய தெரு முடிகிற இடத்தில் காலனி. அங்கேயும் ஒரு நிறுத்தம் உண்டு. பஸ்தான் நிற்காது. எந்தக் காலனி என்று எங்கள் பக்கத்தில் யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள். பெண்களுக்கு டிக்கெட் இலவசம் என்று ஆன பிறகு, கை காட்டினால் டிரைவர் வேகத்தைக் கூட்டினார்.

ஆகவே காலனிப் பெண்கள் மந்தை வரை நடந்து போய் ஏற வேண்டும். அங்கே பைக்கில் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் பையன்கள், தெரிந்துகொண்டே எந்தத் தெரு என்று கேட்பார்கள். லேப் டெக்னீஷியன் படிப்புக்காக மதுரைக்குப் போய்வந்த செல்விக்குத் தினமும் அந்தக் கேள்வி. ஒரு நாள் துப்பட்டாவைப் பிடித்து இழுத்திருக்கிறார்கள்.

அவள் அய்யா என்று கூப்பிடும் அப்பாவுக்கு விஷயம் தெரிந்தது. கேட்கப் போனால் என்ன ஆகும் என்பதும் அவருக்குத் தெரியும். "மறியல்ல ஒரு முடிவு தெரியட்டும் டீச்சர். இல்லாட்டி அவ படிச்சது போதும்" என்றார் என்னிடம். கோபமே இல்லாமல் சொன்னார். அதுதான் பயமாக இருந்தது.

மறியலுக்குத் திட்டமெல்லாம் பக்கா. எங்கள் பொறுப்பாளர் மணி அண்ணன் கையில் மைக். மரத்தடியில் போலீஸ்காரர்கள், டவுனிலிருந்து ஒரு நிருபர். பெண்கள் நிறுத்தத்தில் ஓரமாக நிற்க வேண்டும், பஸ் நெருங்கியதும் அண்ணன் கோஷம் எழுப்புவார், எல்லோரும் ரோட்டில் இறங்கி மறிக்க வேண்டும்.

பஸ் வந்தது. அன்றைக்கென்று வேறு டிரைவர். இத்தனை பெண்கள் நிற்கிறார்களே என்று, அவர்பாட்டுக்கு ஓரங்கட்டி நிறுத்திவிட்டார்.

மணி அண்ணன் வாயைத் திறப்பதற்குள் பாண்டியம்மா அக்கா ஏறிவிட்டார். காலனியில் எதற்கும் முன்னால் நிற்பவர் அவர்தான். அவருக்குப் பின்னால் ஒருவர், அவருக்குப் பின்னால் இன்னொருவர்... நின்ற பஸ்ஸைப் பார்த்ததும் கால் தானாக ஏறிவிட்டது என்று பிறகு சொன்னார்கள். எத்தனை வருஷம் கை காட்டிக் காட்டி விட்ட பஸ்! 'நிறுத்து, நிறுத்து' என்று எழுதிய அட்டை படிக்கட்டுக் கம்பியில் மாட்டிக்கொண்டது. அதையும் பத்திரமாக எடுத்துக்கொண்டு போனார்கள்.

"ஏம்மா, மறிக்க வந்தவுகளே ஏறிட்டாக... மொதல்ல எறக்கும்மா" என்றார் மணி அண்ணன். பாவம், மைக்கை அணைக்க மறந்திருந்தார். மரத்தடியிலிருந்து ஒரு போலீஸ்காரர், அவ்வளவுதானா என்று கேட்டார்.

நானும் ஏறிக்கொண்டேன்.

கண்டக்டர் வந்து எங்கே போகணும் என்று கேட்டபோது பஸ்ஸே விழித்தது. எங்கேயும் போக வந்தவர்கள் இல்லையே.

"நீ எங்கப்பா போற?" என்றார் பாண்டியம்மா அக்கா.

"மாட்டுத்தாவணி."

"அப்ப எங்களுக்கும் அங்கனயே போட்டுரு."

மந்தையைக் கடக்கும்போது எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். செல்வி வெளியே பார்க்கவில்லை, மடியில் பையை வைத்து நேராகப் பார்த்துக்கொண்டு வந்தாள். மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் அவள் காலேஜ் பஸ்ஸுக்கு மாறினாள். நாங்கள் டீ குடித்தோம்.

திரும்பும்போது வேறு பஸ். காலனியில் நிற்காது, மந்தையோடு இறங்கிக்குங்க என்று கண்டக்டர் சொல்லிவிட்டார். இறங்கினோம், அத்தனை பேரும், அட்டைகளோடு. பைக் பையன்கள் அங்கேயேதான் இருந்தார்கள்.

"என்ன தம்பி, இன்னைக்கு ஒண்ணும் கேக்கலயா? கேளுங்க, ஆளுக்கு ஒருக்கா சொல்றோம்" என்றார் பாண்டியம்மா அக்கா. ஒருவன் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தான்.

காலனிக்கு வழி பெரிய தெரு வழியாகத்தான். ஊர்வலம் என்றால் அனுமதி வாங்க வேண்டும். இவர்கள் வீட்டுக்குத்தான் நடந்தார்கள். யாரும் கோஷம் போடவில்லை. செருப்புச் சத்தம் மட்டும்... வாசல்களில் நின்றவர்கள் அட்டைகளைப் படித்தார்கள்.

செல்வியின் அய்யா காலனி முகப்பில் காத்திருந்தார். என்ன முடிவு என்று கேட்டார்.

"நாளைக்கு நான் அவ கூடப் போயி மந்தையில நிக்கிறேன்யா" என்றார் பாண்டியம்மா அக்கா. "பஸ்ஸு வாரவரைக்கும்."

செல்வியின் அய்யா உள்ளே போய்விட்டார்.

இப்போது போனைத் தொட்டால் கார் என் வீட்டு வாசலுக்கே வந்து நிற்கிறது. நான் செருப்பைத் தேடும் வரை காத்திருக்கிறது. அமைப்பின் வாட்ஸப் குழுவில் காலை வணக்கப் பூக்கள் மட்டும் வருகின்றன. கூட்டமாக ஒரு பஸ்ஸில் ஏறி, எங்கே போகிறோம் என்று தெரியாமல் சிரித்து ரொம்ப நாளாகிறது...

மறியலுக்கு மறுநாள் பஸ் காலனியில் நிற்கவில்லை. அதற்கடுத்த நாளும் நிற்கவில்லை. பாண்டியம்மா அக்கா செல்வியோடு மந்தையில் போய் நின்றார். அவருக்கு முடியாத நாளில் வேறொருவர் நின்றார். படிப்பு முடியும்வரை செல்வி ஒருநாளும் அங்கே தனியாக நிற்கவில்லை. காலனியில் பஸ் நிற்கத் தொடங்கியது, அவள் வேலைக்குச் சேர்ந்த பிறகு.