துரை ஏன் பேசவில்லை

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். காலையில் குளித்து, நெற்றி நிறைய விபூதி பூசி, முருகனைக் கும்பிட்டுவிட்டு வேலைக்குப் போன ஆள் நான். வெள்ளைக்காரர்கள் காதல் கதையைப் பற்றி எழுதினால் நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்ற கூச்சம்தான். படிப்பும் பத்தாவதோடு சரி.

போன வாரம் என் தங்கை வசந்தாவின் மகள், செல்போனில் ஏதோ படம் பார்த்துக்கொண்டிருந்தாள். குதிரை வண்டி, பெரிய மாளிகை, கையுறை போட்ட பெண்கள், கழுத்து வரைக்கும் துணி சுற்றிய ஆண்கள். எல்லாரும் தமிழில் பேசினார்கள். சுத்தமான தமிழ். பக்கத்தில் வசந்தா முருங்கைக்கீரை உருவிக்கொண்டே, "ஆனாலும் இந்தத் துரை ரொம்பப் பேசறாண்ணே" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கீரை வாசனையும் சேர்ந்துகொண்டு, என்னை எங்கள் பழைய பிளாக்கின் பிள்ளையார் கோயிலுக்கே கொண்டுபோய் விட்டது.

நெய்வேலி டவுன்ஷிப்பில் எங்கள் பிளாக்குக்கென்று ஒரு சின்னப் பிள்ளையார் கோயில். மத்தியானத்தில் பெண்கள் அங்கே உட்கார்ந்து பூக்கட்டுவார்கள். மதுரை, கோயம்புத்தூர், திருநெல்வேலி என்று எல்லா ஊர்ப் பேச்சும் அங்கே கேட்கும். அப்போதுதான் எதிர்வீட்டு மருமகளாக ரேணுகா வந்தாள். கும்பகோணத்துப் பெண், இங்கிலீஷ் இலக்கியம் படித்தவள். பூக்கட்டத் தெரியாது. கை சும்மா இருக்கிறதே, வாயாவது வேலை செய்யட்டும் என்று, காலேஜில் பாடமாகப் படித்த ஒரு கதையைச் சொல்ல ஆரம்பித்தாள். இருநூறு வருஷத்துக்கு முந்தைய சீமைக் கதை. அப்பா இல்லாத ஏழைப் பெண், அத்தை வீட்டில் இருக்கிறாள். ஒரு துரை. பெரிய மாளிகை, நிலம், குதிரைகள். பெயர்கள் யார் வாயிலும் நுழையாததால் கடைசிவரை "அந்தப் பொண்ணு", "துரை" அவ்வளவுதான்.

"துரைக்கு என்ன வேலை?" என்று முதல் நாளே என் மனைவி சரோஜா கேட்டிருக்கிறாள்.

"வேலைன்னு ஒன்னும் இல்லக்கா. துரை, அவ்ளோதான்."

"வேலை இல்லாதவனுக்கா பொண்ணு பாக்கறாங்க?"

"நிலம் நிறைய இருக்கு."

பக்கத்துக் கிராமமான வடக்குத்திலிருந்து கீரைக் கூடையோடு வரும் அஞ்சலை அங்கே நிழலுக்காக உட்கார்ந்திருந்தாள். "எங்களுக்கும்தான் நெலம் இருந்துச்சு. மைன்ஸுக்கு எடுத்துக்கினாங்க. நெலத்த நம்பிகினு பொண்ணு குடுப்பாங்களா?"

"அங்கெல்லாம் சுரங்கம் வராதும்மா."

"எங்களாண்டயும் அப்படித்தாம்மா சொன்னாங்க."

மறுநாள் பெண்களே சேர்ந்து, துரையின் நிலத்தைச் சுரங்கத்துக்கு எடுத்து, அவனுக்குப் பெர்மனென்ட் வேலை போட்டுக் கொடுத்த பிறகுதான் கதை மேலே நகர்ந்தது.

இதில் ஒரு சிக்கல், எங்கள் ஷிஃப்ட். புருஷன் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் போனால் ரெண்டு மணிக்கு வீட்டுக்கு வந்து சாப்பாடு கேட்பான், அந்த வாரம் அவன் மனைவி கோயிலுக்குப் போக முடியாது. நைட் ஷிஃப்ட் என்றால் அவன் பகலில் தூங்க வேண்டும், சத்தமில்லாமல் எல்லாரும் வெளியே வந்துவிடுவார்கள். ஆக ஒவ்வொரு வாரமும் ஒரு கூட்டம் கதையைத் தவறவிடும். அவர்களுக்கு மற்றவர்கள் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லிச் சொல்லி, ஒரே கதை ஷிஃப்டுக்கு ஒன்றாகப் பிரிந்துபோனது. ஒரு கூட்டத்தின் துரை பெண்டாட்டியை இழந்தவன். இன்னொரு கூட்டத்தின் துரைக்குச் சர்க்கரை வியாதி. ரேணுகா பாவம், எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு அடுத்த கட்டத்தைச் சொல்வாள்.

அந்தப் பெண்ணுக்காகச் சரோஜா அர்ச்சனைகூடச் செய்தாள். குருக்கள் நட்சத்திரம் கேட்க, எல்லாரும் ரேணுகாவைப் பார்த்தார்கள். "அங்க நட்சத்திரமெல்லாம் பாக்கமாட்டாங்க மாமா" என்றாள். "சரி, சுவாமி பேருக்கே பண்ணிடறேன்" என்று குருக்கள் முடித்துவிட்டார். அடுத்த வாரம் அவரே, "அந்தக் கொழந்தைக்கு வரன் தகைஞ்சுதா?" என்று விசாரித்தார்.

சரோஜா எனக்குச் சொல்வாள். நான் ஷிஃப்ட் பஸ்ஸில் சொல்வேன். ஒரு கதையைக் கேட்பது பாதிச் சுகம்தான். இன்னொருவரிடம் சொல்லும்போது, அவர் முகத்தில் "அப்புறம்?" என்று ஒன்று வருகிறதே, மீதி அங்கேதான் இருக்கிறது. சுரங்கத்துத் தூசியில் எட்டு மணி நேரம் நின்றவர்கள், சீமையில் ஒரு பெண் கையுறையைத் தொலைத்துவிட்டதற்காகக் கவலைப்பட்டார்கள். வெல்டர் ஒருவர் அவர் பெண்ணின் கல்யாணக் கவலையை விட்டுவிட்டு இதற்குப் பெருமூச்சு விட்டார்.

அந்த பஸ்ஸில் கடைசி சீட்டில் ஒருவர் வருவார். மாசிலாமணி. கன்வேயரில் வேலை, தென்காசிப் பக்கத்துக்காரர். அவரைப் பார்த்தால் எனக்குச் சங்கடமாக இருக்கும். காரணம், இந்தக் கதை ஓடிக்கொண்டிருந்த ஆனி மாசத்தில்தான் அவர் வசந்தாவைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார். சித்தப்பா, சித்தியோடு வந்தார். பண்ருட்டிப் பலாச்சுளை வைத்தோம். சாப்பிட்டார், காலண்டரைப் பார்த்தார், எழுந்து கும்பிட்டுவிட்டுப் போனார். ஒரு வார்த்தை பேசவில்லை. வசந்தா "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டதற்குக்கூட உதட்டைத் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டினார்.

வசந்தாவுக்கு முன்பே ரெண்டு இடம் தட்டிப்போயிருந்தது. ஒருவன் அவள் நிறத்தைப் பற்றி வாசலிலேயே பேசிவிட்டுப் போனவன். அதனால் திமிர் பிடித்தவன் என்றால் அவளுக்குப் பயம்.

"பிடிச்சிருக்குன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. நீ என்ன சொல்ற?" என்று கேட்டேன்.

"அவரு கூச்சத்துல பேசலையா, திமிர்ல பேசலையா? அதத் தெரிஞ்சுக்காம எப்படிண்ணே கழுத்த நீட்டறது?"

கதையும் அப்போது அதே இடத்தில்தான் நின்றிருந்தது. நடன விருந்தில் துரை அந்தப் பெண்ணோடு ஒரே ஒரு ஆட்டம் ஆடினான். ஆடி முடிக்கும்வரை ஒரு சொல் பேசவில்லை. மறுநாள் கல்யாணம் கேட்டு ஆள் அனுப்பிவிட்டான். ஏன் பேசவில்லை? அதைச் சொல்வதற்குள் ரேணுகாவுக்கு வளைகாப்பு முடிந்து, கும்பகோணத்துக்குக் கூட்டிப்போய்விட்டார்கள்.

"கத முடியட்டும். அந்தத் துரை எப்படிப்பட்டவன்னு தெரிஞ்சதும் என் முடிவச் சொல்றேன்" என்றாள் வசந்தா.

சரோஜாவுக்குக் கோபம். "ஏண்டி, சீமைக்காரன் பேசாததுக்கும் நம்ம குவாட்டர்ஸுக்கும் என்னடி?"

"அண்ணி, நீங்கதான அவளுக்கு அர்ச்சனை பண்ணீங்க?"

சரோஜா அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். மாசிலாமணியின் சித்தப்பா வந்து, வெள்ளிக்கிழமைக்குள் பதில் வராவிட்டால் குறிஞ்சிப்பாடியில் ஒரு இடம் இருக்கிறது, ஆடி பிறப்பதற்குள் பேசி முடித்துவிடுவோம் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் முருகனிடம் போய் நின்றேன். என்ன வேண்டுவது? துரையின் மனசைத் திற என்றா? அதையேதான் வேண்டினேன்.

பஸ்ஸில் மட்டும் ஒன்று நடந்துகொண்டிருந்தது. நான் கதை சொல்லச் சொல்ல, மாசிலாமணி தினமும் ஒரு சீட் முன்னே வந்துகொண்டிருந்தார். எனக்கு நேர் பின்னால் வந்துவிட்ட வாரம், அவருக்கு ஷிஃப்ட் மாறிவிட்டது.

வியாழக்கிழமை சாயங்காலம் சைக்கிளை உருட்டிக்கொண்டு எங்கள் கேட்டில் நின்றார். குறிஞ்சிப்பாடியை முடித்துவிட்டார்கள், சொல்லிவிட்டுப் போக வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

"உள்ள வாங்க."

"இல்லண்ணே. ஒன்னு கேட்டுட்டுப் போயிரலாம்னு. அந்தத் துரை அப்புறம் என்ன ஆனாரு?"

நான் முழித்தேன். வசந்தா வராந்தாவுக்கு வந்துவிட்டாள். "அவன் பேசவே இல்ல. அதோட நிக்குது" என்றாள்.

"பேச முடிஞ்சிருக்காதுங்க. பழக்கமில்லாத ஆட்டம். அந்தப் பிள்ள கால மிதிச்சிரக் கூடாதேன்னு கீழ பாத்துக்கிட்டே ஆடியிருப்பாரு. அதுல எங்க பேச்சு வரும்?"

"சரி, அன்னிக்கு எங்க வூட்ல நீங்க ஒன்னும் ஆடலையே. ஏன் பேசல?"

மாசிலாமணி சைக்கிள் பெல்லைப் பார்த்தார். "பலாக்கொட்டய எங்க போடுறதுன்னு தெரியல. தட்டு வைக்கல நீங்க. பெரியவங்கள்லாம் உக்காந்திருக்காங்க, கையில துப்ப முடியுமா?"

"அப்ப?"

"வாயிலதான் இருந்துச்சு. ரெண்டு பக்கமும். தெருமுனைக்குப் போய்த்தான் துப்புனேன்."

சரோஜா தலையில் கைவைத்துக்கொண்டாள். கொட்டைக்குத் தட்டு வைக்க மறந்தது அவள்தான். வசந்தா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். திரும்பி வரும்போது காபியும், கூடவே ஒரு காலித் தட்டும் கொண்டுவந்தாள். காபிக்கு எதற்குத் தட்டு என்று யாரும் கேட்கவில்லை. அதுதான் சம்மதம். ஆவணியில் கல்யாணம்.

ரேணுகா குழந்தையோடு திரும்பி வந்து, உண்மையான முடிவைச் சொன்னாள். துரைக்குப் பழைய துக்கம் ஒன்று இருந்ததாம், அதனால்தான் பேசவில்லையாம். ஒருத்தரும் ஒப்புக்கொள்ளவில்லை. மூன்று ஷிஃப்டிலும் அதற்குள் துரை வாயில் பழக்கொட்டையோடுதான் ஆடிக்கொண்டிருந்தான். "பாவம், புள்ள பெத்த ஒடம்பு. மறந்துபோச்சு அவளுக்கு" என்றாள் அஞ்சலை.

இப்போது அந்த பிளாக் இல்லை. குவாட்டர்ஸை இடித்துவிட்டார்கள், பிள்ளையாரை வேறு கோயிலில் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். ஷிஃப்ட் பஸ்ஸில் ஆளுக்கொரு செல்போன், காதில் ஒயர். ரேணுகா எந்த ஊரில் இருக்கிறாளோ. மாசிலாமணியும் போன ஐப்பசியில் முருகனடி சேர்ந்துவிட்டார். காரியத்துக்குப் பழைய ஆட்கள் வந்திருந்தார்கள். சாப்பாட்டுப் பந்தியில் ஆளுக்கொரு விதமாக அவர் கதையைச் சொன்னார்கள். ஒருவர் அவர் கேட்டில் நின்று பக்கம் பக்கமாகக் காதல் வசனம் பேசினார் என்றார். இன்னொருவர் அவர் வாயில் இருந்தது முந்திரிக்கொட்டை என்றார். ஒரு பையன் என்னிடமே வந்து, "மாமா அன்னிக்குக் குதிரையிலயா வந்தாரு?" என்று கேட்டான். வசந்தா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அதனால்தான் கூச்சத்தை விட்டு எழுதிவிட்டேன். யாரிடமாவது நீங்கள் சொல்வதாக இருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் இதில் இருப்பதை மட்டும் சொல்லுங்கள். என் மாப்பிள்ளை வாயில் நான் எழுதாத பேச்சு எதையும் வைக்க வேண்டாம். அவர் சைக்கிளிலேயே வரட்டும்.