இடது தோள் இறங்கும் கரடி

அலுவலகத்தில் அவளுக்குக் 'குறிப்பேடு' என்று பெயர். வீடியோ கேம் தயாரிக்கும் அந்தச் சிறு நிறுவனத்தில், விளையாட்டு வெளியாகும் முன் அதை ஆடிப் பார்த்துப் பிழை கண்டுபிடிப்பது அவள் வேலை. ஆறாண்டுகளில் கண்ணில் பட்ட பிழை எதையும் அவள் எழுதாமல் விட்டதில்லை. ஒரு விளையாட்டுக்காக மேலாளரின் மகள் ஆசையாக வரைந்து கொடுத்த கொடியில் ஒரு கோடு குறைந்ததைக்கூட எழுதினாள். ஒரு வாரம் அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இப்போது கையில் இருந்தது கால்பந்து விளையாட்டு. கார்ட்டூன்களில் குழந்தைகளுக்கு நன்றாகப் பழகிய முயலும் வாத்தும் பந்தை உதைக்கும். தொப்பைக் கரடி கோல் காக்கும். விதிகள் குறைவு, வேகம் அதிகம். பொத்தானை அழுத்திப் பிடித்தால் பந்து தீப்பிடித்துப் பறக்கும்.

கரடிக்கு அசைவு தந்தவன் அவள் அண்ணன். இளமையில் நகர அணியின் கோல்கீப்பர். ஓர் இறுதிப் போட்டியில் ஐந்து பெனால்டியையும் கோட்டைவிட்ட பின் எந்த அணியும் அவனைச் சீந்தவில்லை. பதினேழு ஆண்டுகளாகக் கிடங்கில் பெட்டி அடுக்குகிறான். பாயத் தெரிந்த ஆள் வேண்டும் என்று மேலாளர் கேட்டபோது அவள்தான் அவனை அழைத்து வந்தாள். அசைவைப் பதியும் கறுப்பு உடையை மாட்டிக்கொண்டு நாள் முழுக்கப் பாய்ந்தான். அன்றிலிருந்து கிடங்கில் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. பார்ப்பவரிடமெல்லாம் "நான்தான் கரடி" என்றான்.

செவ்வாய்க்கிழமை பிற்பகல் அவள் கரடியின் வலப்பக்கமாக நாற்பது பெனால்டி அடித்தாள். நாற்பதும் கோல். பதிவை மெதுவாக ஓட்டினாள். வலப்பக்கம் பாயும்போதும் கரடியின் இடது தோள்தான் முதலில் இறங்கியது. அந்த ஒரு கணத் தாமதத்தில் பந்து உள்ளே போனது. மூலப் பதிவைத் திறந்தாள். இறங்கியது அண்ணனின் தோள்.

அந்த இறுதிப் போட்டியின் எதிரணிக்கு அன்றே தெரிந்திருக்கிறது. அவனுக்கு ஒருவரும் சொல்லவில்லை.

எழுதினால் மேலாளர் வேறு ஆளை வைத்துக் கரடியை மாற்றிவிடுவார். எழுதாவிட்டால், வாங்கியவர்கள் ஒரே நாளில் சலித்துத் தூக்கிப் போடுவார்கள். பிழைப் பட்டியலின் 212-ஆம் கட்டத்தை வெறுமையாக விட்டு அவள் வீடு திரும்பினாள். அப்படிச் செய்தது அதுவே முதல் முறை.

மறுநாள் மதிய இடைவேளையில் அண்ணனை வரவழைத்தாள்.

"நீயே அடிச்சுப் பாருண்ணா."

மூன்றாவது உதையில் அவன் புருவம் நெரிந்தது. ஏழாவதோடு கருவியைக் கீழே வைத்தான்.

"அன்னைக்கு ஃபைனல்ல அவனுங்க சிரிச்சுக்கிட்டே வந்து அடிச்சது இதனாலதானா?"

"அப்படித்தான் இருக்கும்ணா."

"எழுதிட்டியா?"

"இல்ல."

"என் சட்டையில பொத்தான் இல்லன்னா அதுக்கே தேதி போட்டு வைக்கிறவ, இதை எழுதலையா?"

"எழுதினா உன்னை எடுத்துடுவாங்க."

திரையில் கரடி தொப்பையைச் சொறிந்துகொண்டு நின்றது.

"அன்னைக்கு எவனாவது எழுதிக் குடுத்திருந்தா அஞ்சுல ரெண்டையாவது பிடிச்சிருப்பேன். எழுதும்மா."

எழுதினாள். 'காரணம்' என்ற இடத்தில், 'கோல்கீப்பரின் பழக்கம்'. 'தீர்வு' என்ற இடத்தில் விரல் நின்றது.

"இன்னொரு தடவை பாயறேன்னு போடு. வேணாம்னா உங்க மேலாளர் சொல்லட்டும்." எழுந்து, இரு மேசைகளுக்கு நடுவே கோல்கீப்பராகக் குனிந்து நின்று வலப்பக்கம் எட்டினான். "தோள் இறங்குதா?"

"இறங்குது."

"இப்போ?"

"இப்பவும்தான்."

அவன் காலணியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு மறுபடியும் குனிந்தான்.