கை பூட்டிய கதவு

நாமக்கல்லிலிருந்து சேலம் போகும் பஸ்ஸில் நான் ஒருநாளும் சும்மா உட்கார்ந்ததில்லை. கல்லூரியில் உளவியல் கற்பிக்கிறேன். அன்றைய பாடத்தை ஜன்னலோரத்திலேயே மனதுக்குள் ஓட்டிப் பார்த்துவிடுவேன். அன்று கவனம் பற்றிய பாடம். பழகிப்போன வேலைகளை மூளை கவனத்தின் துணையில்லாமலே முடித்துவிடும். அதனாலேயே அவற்றைச் செய்த நினைவும் பதியாது. இதற்கு வீட்டிலிருந்தே ஓர் உதாரணம் கிடைக்குமா என்று தேடினேன். தேடியிருக்கக் கூடாது.

பால் அடுப்பை அணைத்தேனா?

குமிழைத் திருகியது நினைவில் இல்லை. நேற்று திருகியதும் இல்லை, போன வாரம் திருகியதும் இல்லை. 'இதைத்தானே நடத்தப் போகிறாய், பேசாமல் உட்கார்' என்று என்னையே அதட்டினேன். பாடம் தெரிந்தால் பயம் போய்விடுமா? வீட்டில் கணவர் தூங்கிக்கொண்டிருந்தார். லாரி ஓட்டுகிறார், வடக்கே போய்ப் பல வாரங்கள் கழித்து அன்று விடியற்காலையில்தான் வந்திருந்தார். வந்த அன்று இடி விழுந்தாலும் எழ மாட்டார். போனையும் ஆஃப் செய்துவிடுவார்.

அடித்துப் பார்த்தேன், ஆஃப்தான். பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டு, கதவைத் தட்டி அவரை எழுப்பச் சொன்னேன். போனைக் காதில் வைத்தபடியே போய்ப் பார்த்தார்.

"ஊடு பூட்டிக் கெடக்குதுங்களே. அவரு எப்ப வந்தாருங்க?"

கைப்பையைத் துழாவினேன். சாவி இருந்தது. இன்னொரு சாவி எப்போதும் அவர் லாரியில்தான் கிடக்கும். அவர் இல்லாத நாட்களில் பூட்டுவதுபோலவே வெளியே பூட்டைப் போட்டு இழுத்துப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன்.

"அடுக்களை ஜன்னலும் சாத்தியிருக்குதுங்க, ஒண்ணுந் தெரியல" என்றார் அக்கா.

ஆண்டகளூர்கேட்டில் இறங்கி எதிர்ப்பக்கம் ஓடினேன். திரும்பும் பஸ்ஸில் உட்கார முடியவில்லை. "சீட்டு காலியாத்தான் இருக்குதுங்க மேடம்" என்ற கண்டக்டர் மேல் எரிந்து விழுந்தேன். பாவம், அவர் என்ன செய்வார்.

வீட்டுக்குப் போனால், முன்ஜன்னல் கம்பிக்குப் பின்னால் நின்று டீ குடித்தபடி அக்காவோடு பேசிக்கொண்டிருக்கிறார்! அக்கா தட்டிய சத்தத்தில் அதிசயமாக எழுந்துவிட்டிருந்தார், எனக்குப் போன் செய்து சொல்லத்தான் இருவருக்கும் தோன்றவில்லை. அடுப்பு அணைந்துதான் இருந்ததாம். பாலை இறக்கி மூடியும் வைத்திருந்தேனாம். நான் சந்தேகப்பட்டதைக் கை ஒழுங்காகச் செய்திருந்தது. பூட்டைப் பற்றி எனக்குச் சந்தேகமே வரவில்லை.

பூட்டைத் திறந்தேன். கை மேல் ஆத்திரமாக வந்தது, வாய்விட்டே திட்டினேன்.

"அதத் திட்டாத புள்ள. நான் ஊட்ல இருந்தாத்தான அதுக்குப் பழகும்" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பூட்டைத் தெருவில் வீசியெறிய வேண்டும் போலிருந்தது.

ஓய்வு முடிந்து அடுத்த லோடுக்குக் கிளம்பினார். மறுநாள் பஸ் நிறுத்தம்வரை வந்த பிறகு, கதவைப் பூட்டினேனா என்று சந்தேகம். திரும்பிப் போய்ப் பார்த்தேன்.

கை சரியாகத்தான் பூட்டியிருந்தது.