லேசான துப்பாக்கி

க்ரீன் கார்டு வந்தால் எல்லாரும் வீடு பார்ப்பார்கள், இல்லையென்றால் பெண் பார்ப்பார்கள். என் சித்தப்பா துப்பாக்கி பார்த்தார்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. டெக்சாஸில் ரவுண்ட் ராக்கில் இருந்தோம். அப்பாவும் அவருடைய தம்பியான சித்தப்பாவும் ஒரே கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்தார்கள். எல்லாரும் ஒரே வீட்டில்தான் இருந்தோம். சித்தப்பாவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அந்தக் கார்டுக்காக அவர் காத்துக் கிடந்ததில் வந்த ஜாதகங்களெல்லாம் வேறு வீடுகளுக்குப் போய்விட்டன என்று அம்மா அலுத்துக்கொள்வாள். இனிமேலாவது பார்க்கலாம் என்று அவள் வாயெடுத்த அன்றைக்குத்தான் சித்தப்பா தன் ஆசையைச் சொன்னார்.

அவருடைய ஆபீஸ் சிநேகிதர் ஒரு வெள்ளைக்காரர், பெயர் டேல். நான் அவரை டேல் அங்கிள் என்று கூப்பிடுவேன். தன்னை யாரும் அதுவரை அங்கிளாக்கியதில்லை என்று அவருக்கு அதில் பெருமை. வருஷா வருஷம் அக்டோபரில் டேல் அங்கிள் கொலராடோ மலைக்கு எல்க் வேட்டைக்குப் போவார். எல்க் என்பது குதிரை உயரத்துக்கு வளரும் மான். மலையடிவாரத்தில் வண்டியை விட்டுவிட்டு, கூடாரம், சாப்பாடு, துப்பாக்கி எல்லாவற்றையும் முதுகில் சுமந்துகொண்டு மேலே ஏற வேண்டும். அவருடைய மேஜையில் இருந்த போட்டோவில் மான் இல்லை. பனி பிடித்த ஓர் உச்சிதான் இருந்தது, அதன்மேல் எறும்பளவுக்கு ஓர் ஆள். அந்தப் போட்டோதான் சித்தப்பாவைக் கெடுத்தது.

"எதையும் சுடணும்னு இல்ல அண்ணி. அந்த உச்சியில போய் ஒரு தடவ நிக்கணும், அவ்ளோதான்" என்றார்.

"நிக்கறதுக்கு எதுக்குத் தம்பி துப்பாக்கி?" என்றாள் அம்மா.

"சும்மா வந்து நிக்கறவன டேல் கூட்டிட்டுப் போக மாட்டான்."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வீட்டுக்குள் வந்த சிலந்தியைக்கூடக் காகிதத்தில் ஏந்திக்கொண்டு போய்ப் புல்லில் விட்டுவிட்டு வருகிற மனிதர் அவர். மலை ஏறியவரும் இல்லை. போடியில் பிறந்து வளர்ந்தும் மேற்கு மலையை பஸ் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறார் என்று அப்பா கேலி செய்வார்.

நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்த துப்பாக்கிக் கடைக்கு சனிக்கிழமைகளில் நானும் கூடப் போவேன். வால்நட் மரத்தில் பிடிக்கட்டை போட்ட ஒரு ரைஃபிளை முதல் நாள் சித்தப்பா கையில் வாங்கினார். மரத்தின் ரேகைகள் தேன் நிறத்தில் ஓடின. கைக்குழந்தையை வாங்குவதுபோல இரண்டு கையாலும் வாங்கி, கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அதைத்தான் வாங்குவார் என்று நான் நினைத்தேன். கடைக்காரரோ மலைக்கு அது சரிப்படாது என்றார். காலையில் கையில் இருப்பதே தெரியாத துப்பாக்கி சாயங்காலத்துக்குள் ஓர் ஆள் கனம் கனக்கும், பிளாஸ்டிக் கட்டையும் குட்டைக் குழலும் உள்ளதாகப் பாருங்கள் என்றார்.

அடுத்த வாரம் சித்தப்பா செய்த காரியம் அந்தக் கடையில் அதற்கு முன்பு நடந்திருக்காது. ஊருக்குப் போகும்போது பெட்டியை நிறுத்துப் பார்க்க எல்லார் வீட்டிலும் ஒரு கொக்கித் தராசு வைத்திருப்போமே, அதைக் கையோடு கொண்டுவந்துவிட்டார். ஒவ்வொரு துப்பாக்கியாக வாரில் மாட்டித் தூக்கிப் பார்த்தார். முள் எங்கே நிற்கிறது என்று படிப்பது என் வேலை. கடைக்காரர் தாடியைத் தடவிக்கொண்டு வேடிக்கை பார்த்தார். விமான நிலையத்தில் ஊறுகாய் பாட்டிலைத் திருப்பி எடுக்கச் சொல்லுவார்களோ என்று பயந்து பயந்து நிறுத்தே பழகிய குடும்பம் எங்களுடையது. எனக்கு அதில் வினோதம் எதுவும் தெரியவில்லை.

கோடை முடிவதற்குள் நாலைந்து முறை போயிருப்போம். ஒவ்வொரு முறையும் இதைவிட லேசாக இருக்கிறதா என்றுதான் சித்தப்பா கேட்டார். டேல் அங்கிளும் ஒருநாள் கூட வந்தார். எடை குறையக் குறைய வெடிக்கும்போது தோளில் உதைக்கும் உதை கூடும், கையில் நிலையாகவும் நிற்காது, அதனால் ஓரளவு கனம் வேண்டும் என்று அவர் பொறுமையாக விளக்கினார். சித்தப்பா தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு என் பக்கம் குனிந்து தமிழில், "உதைச்சா உதைக்கட்டும் பாப்பா. தூக்க முடியணும்ல" என்றார்.

"யூ ஆர் சோ லேஸி, சித்தப்பா" என்றேன் நான். வீட்டிலும் அதுதான் பேச்சு. சோம்பேறிக்கு ஏற்ற துப்பாக்கியை அமெரிக்காவில் இன்னும் செய்யவில்லை என்றார் அப்பா. கடைசியில், கடையில் இருந்ததிலேயே லேசானதைச் சித்தப்பா வாங்கினார். சாம்பல் நிறக் கட்டை, சின்ன தொலைநோக்கி, ரிப்பன் மாதிரி மெல்லிய வார். பார்க்க விளையாட்டுச் சாமான் போலத்தான் இருந்தது. எனக்கு ஏமாற்றம்.

அந்தக் கோடையில் வீட்டில் வேறு சில மாறுதல்களும் நடந்தன. சித்தப்பா ரசஞ்சாதத்தைக் கையால் பிசைந்து சாப்பிடுவதை விட்டு ஸ்பூனுக்கு மாறினார். பட்டன் சட்டை போய் டி ஷர்ட் வந்தது. ஜாம் பாட்டிலை என்னிடம் நீட்டி, "உனக்குத்தான் பலம் ஜாஸ்தி, தொற பாப்பா" என்பார். நான் திறந்துவிட்டுக் கையை முறுக்கிக் காட்டுவேன். அம்மாவும் சாதத்தை அடுப்படியிலேயே பிசைந்து கிண்ணத்தில் போட்டு எல்லாருக்கும் ஸ்பூனோடு கொடுக்க ஆரம்பித்தாள். அமெரிக்காக்காரர்களாக மாறுகிறோம் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

வெள்ளிக்கிழமை விடியுமுன் கிளம்புவதாகத் திட்டம். சனிக்கிழமை வேட்டை சீசன் ஆரம்பிக்கிறது, டேல் அங்கிளின் பிக்கப் லாரியில் இன்னும் இரண்டு பேர் வருகிறார்கள், தாமதிக்க முடியாது. புதன்கிழமை சாயங்காலம் சித்தப்பா குண்டு போடாத துப்பாக்கியை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனார். அம்மா சிங்க்கில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள், நான் பக்கத்தில் துடைத்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியே அவர் தெரிந்தார். துப்பாக்கியைத் தோளுக்கு உயர்த்தினார். குழல் கொஞ்சம் நின்றது, பிறகு மெதுவாக இறங்கிப் புல்லைப் பார்த்தது. மறுபடி உயர்த்தினார். மறுபடி இறங்கியது. பிறகு இடது கையை வலது கையால் பிடித்து மேலே கொண்டுபோகப் பார்த்தார். எறும்புப் புற்றுக்குக் குறி வைத்துப் பழகுகிறார் என்று நினைத்தேன். எங்கள் புல்லில் புற்றுக்குப் பஞ்சமில்லை.

குழாயில் தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. அம்மா கையில் ஒரே தட்டை வெகுநேரம் வைத்திருந்தாள். தண்ணீரை வீணாக்காதே என்று என்னைத் திட்டுகிறவள் அவள். நானே குழாயை மூடினேன்.

மறுநாள் நான் பள்ளியிலிருந்து வந்தபோது வீடு முழுக்கச் சாம்பிராணி மணம். மாடிப்படிக்குக் கீழே கோட்டு மாட்டுவதற்காகக் கட்டிய அலமாரிதான் எங்கள் பூஜை அறை. அதற்குள் அப்பாவின் டிரில், அம்மாவின் அரிவாள்மனை, கத்தரிக்கோல், என் பென்சில் டப்பா, பாடப் புத்தகம் எல்லாம் சந்தனம் குங்குமத்தோடு இருந்தன. நடுவில் சித்தப்பாவின் துப்பாக்கி. சாம்பல் கட்டையில் பெரிய குங்குமப் பொட்டு, குழலில் செவ்வந்திச் சரம்.

சித்தப்பா ஆபீஸிலிருந்து வந்து ஷூவைக்கூடக் கழற்றாமல் அதைப் பார்த்தார்.

"இன்னிக்கா அண்ணி ஆயுத பூஜை?"

"இன்னிக்குத்தான் தம்பி."

பூஜையில் வைத்ததை மறுநாள் மறுபூஜை செய்யும்வரை தொடக் கூடாது என்பது எனக்கே தெரியும். வீட்டுப்பாடம் இல்லாத ஒரே பண்டிகை அது. நாளைக்குக் காலையில் ராகு காலம், அது கழிந்து மத்தியானம்தான் எடுக்க முடியும் என்றாள் அம்மா. அவள் குரலில் ஒரு விட்டுக்கொடுப்பும் இல்லை.

சித்தப்பா அவளையே பார்த்தார். பிறகு, "சரி அண்ணி" என்றார்.

அப்பாதான் குதித்தார். "தீபாவளியையே சனிக்கிழமைக்குத் தள்ளி வைக்கிறவ நீ. இன்னிக்கு என்ன திடீர்னு இவ்ளோ ஆசாரம்? அவன் ஒரு வருஷமா பிளான் பண்ணிருக்கான், தெரியும்ல?" அம்மா சுண்டலைக் கிளறினாள். எனக்கு அழுகை வந்தது. சித்தப்பா எனக்கு அந்த உச்சியிலிருந்து ஒரு கல் கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தார். அன்றைக்கு அவள் கையால் சுண்டல் வாங்க மாட்டேன் என்று போய்ப் படுத்துக்கொண்டேன்.

விடிகாலையில் லாரிச் சத்தம் கேட்டு ஜன்னலுக்கு ஓடினேன். சித்தப்பா வாசலில் நின்று டேல் அங்கிளிடம் பேசிக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் இன்றைக்கு ஆயுதங்களுக்கு ஓய்வு, அண்ணி பேச்சை மீற முடியாது என்று சிரித்துக்கொண்டே சொன்னார். டேல் அங்கிள் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டு, வீட்டுக்குள் ஏதோ சர்ச் நடப்பதுபோல எட்டிப் பார்த்தார். அடுத்த வருஷம் போகலாம் என்றார். நிச்சயமாக என்றார் சித்தப்பா. லாரி தெருமுனையில் திரும்பும்வரை நின்றிருந்துவிட்டு உள்ளே வந்தார்.

அடுத்த வருஷம் அவரால் பேனாவையே பிடிக்க முடியவில்லை. தசைகள் ஒவ்வொன்றாக வலுவிழக்கும் வியாதி, மருந்து கிடையாது என்று துப்பாக்கி வாங்கிய கோடையிலேயே டாக்டர் சொல்லியிருக்கிறார். தீபாவளிக்குப் பிறகுதான் அவர் எங்களுக்குச் சொன்னார். அதற்கடுத்த வருஷம் அவரே இல்லை. துப்பாக்கியை டேல் அங்கிளுக்குக் கொடுக்கச் சொல்லியிருந்தார். எடுத்துப் போக வந்தவர், கட்டையில் காய்ந்திருந்த குங்குமத்தை நான் துடைக்கப் போனபோது, வேண்டாம், இருக்கட்டும் என்றார்.

அப்பா அம்மாவை மன்னிக்கவில்லை. "அன்னிக்கு நீ விட்டிருந்தா என் தம்பி அந்த மலைய ஒரு தடவ பாத்திருப்பான்" என்று சித்தப்பாவின் ஒவ்வொரு திதிக்கும் சொல்வார். சொந்தக்காரர்கள் மத்தியிலும் அது பரவிவிட்டது. ஆசாரம் பார்த்து ஒரு மனிதனின் கடைசி ஆசையைக் கெடுத்தவள் என்று பெயர். அம்மா ஒருநாளும் மறுத்துப் பேசவில்லை. பேச வேண்டுமானால், உங்கள் தம்பியால் அதைத் தூக்க முடியவில்லை, நான் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். அதைத் தன் வாயால் சொல்ல அவளுக்கு மனமில்லை. போன வருஷம் என் வீட்டில் ஆயுத பூஜையை வசதிக்காக ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றி, பொட்டு வைத்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு இது உறைத்தது. சந்தனக் கிண்ணத்தோடு தரையில் உட்கார்ந்து அழுதேன்.

ஏனென்றால் எனக்கு ஒரு திங்கட்கிழமை ஞாபகம் வந்தது. டேல் அங்கிளின் லாரி போய் மூன்றாம் நாள். பக்கத்துத் தெரு தமிழ் ஆன்ட்டி வீட்டில் சாயங்காலம் பூஜைக்குக் கூப்பிட்டார்கள். அங்கேயும் புத்தகங்கள், கத்தரிக்கோல், குங்குமம், கறுப்புக் கொண்டைக்கடலைச் சுண்டல். ஹாலில் உட்கார்ந்திருந்த எல்லாரும் ஆயுத பூஜை வாழ்த்துகள் சொல்லிக்கொண்டார்கள். அப்பா ஆபீஸ் வேலையாக டாலஸ் போயிருந்தார். அம்மா காகிதக் கிண்ணத்தில் சுண்டலை வாங்கி, ஒரு ஸ்பூனைக் கேட்டு வாங்கிப் போட்டு, சித்தப்பா பக்கத்தில் வைத்தாள்.

நான் சித்தப்பாவிடம் ரகசியமாக, "வீ டிட் இட் ஆல்ரெடி. தே ஆர் சோ லேட்" என்றேன்.

சித்தப்பா அம்மாவை நிமிர்ந்து பார்த்தார். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா பாப்பா" என்றார். "இவங்கதான் லேட்டு. நம்ம வீட்ல அண்ணி கரெக்டாப் பண்ணிட்டாங்க."

அம்மா சட்டென்று எழுந்து தண்ணீர் குடிக்கப் போனாள். அன்றைக்குக் கோபத்தில் விட்ட சுண்டல் இங்கே கிடைத்த சந்தோஷத்தில் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.